இரைச்சல்

ஒத்தக்கடை மில்லில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் புது டிரைவ் மாட்டியதிலிருந்து, அது ஓடும்போதெல்லாம் பின்தெரு ரேடியோக்கள் இரைந்தன. தெருவே திரண்டு புகார் கொடுத்தது. டிரைவ் கம்பெனியிலிருந்து வந்த பெர்சி, மோட்டார் கேபிளைச் சுற்றியிருக்கும் உலோக வலையை இரண்டு முனையிலும் எர்த் செய்து இரைச்சலை நிறுத்தினார்.

மறுநாள் பின்தெரு ஆரோக்கியம் அம்மாள் மில் கேட்டில் நின்றார்.

"இன்னும் இரையுதாம்மா?"

"இல்ல தம்பி, சுத்தமா நின்னுபோச்சு. பழையபடி இரைய வச்சிருங்க."

பெர்சிக்குச் சிரிப்பு வந்தது. "எதுக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு நெனப்பு தப்பிப்போச்சு. ரேடியோ இரைஞ்சா, மகன் ஜினோ மில்லுல மோட்டார் ஓட்டுறான்னு நிம்மதியா இருப்பாரு. நேத்து நின்னதுலருந்து, ஷிப்டு முடிஞ்சும் பயலக் காணோமேன்னு வாசல்லயே நிக்கிறாரு. சோறு எறங்கல."

"இம்புட்டுத்தானா? ஜினோவ ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போகச் சொல்றேன்."

"அவன் செத்து ஒரு வருசமாச்சு தம்பி. இந்த டிரைவ் வந்தே மூணு மாசந்தான். இரையுறது ஜினோதான்னு நாந்தான் சொல்லி வச்சேன். அதுக்கு முன்னாடி அவரு கேக்குறப்பெல்லாம், மகன் செத்துட்டான்னு தெனமும் புதுசா சொல்லிக்கிட்டிருந்தேன்."