துக்க வீட்டில் சிவப்புச் சட்டை

சலவைக்கல் குவாரி முதலாளி திமோலியோனின் சவ அடக்கத்துக்கு, ஸ்டாமாட்டிஸ் ரத்தச் சிவப்பில் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

தேவாலய வாசலில் ஊரே கறுப்பில் இருந்தது. குவாரியில் பாறை சரிந்து தொழிலாளிகள் செத்தபோது, "குடிச்சிட்டு வேலைக்கு வந்தாங்க" என்று கோர்ட்டில் சொன்ன முதலாளி அவர். "ஆமாம், நாத்தம் அடிச்சுது" என்று கூசாமல் சாட்சி சொன்ன அதே வாய்கள்தாம் இப்போது விம்மிக்கொண்டிருந்தன.

"ஏண்டா, கல்யாணத்துக்கா வந்த?" பல்லைக் கடித்தான் ஃபோட்டிஸ். அன்றைக்குக் கோர்ட்டில் முதல் சாட்சி அவன். இன்றைக்குக் குவாரி மேஸ்திரி.

ஸ்டாமாட்டிஸ் குனிந்து சட்டையைப் பார்த்தான். "ஏன், கறுப்புதானே?"

"கறுப்பா? சேவல் கொண்டை மாதிரி எரியுதுடா!"

முதலாளியின் மகன் பனாயிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "எங்கப்பா பெட்டிக்கு முன்னாடி சிவப்பா? நாளையிலருந்து வேலைக்கு வராத!"

ஸ்டாமாட்டிஸின் மனைவி அஸிமினா ஓடிவந்தாள். "ஐயா, அவருக்குப் பொறந்ததுலருந்தே நிறம் தெரியாதுங்க. சிவப்பும் கறுப்பும் அவர் கண்ணுக்கு ஒண்ணு. தக்காளி பழுத்திருக்கான்னுகூட அமுக்கித்தான் பார்ப்பாரு. நான் காலையிலயே இங்க பூ வைக்க வந்துட்டேன், சட்டை எடுத்துக் குடுக்க ஆளில்ல. வேலையில கை வெச்சிடாதீங்க. இந்த ஊர்ல வேற என்ன பொழப்பு இருக்கு?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

"அட, ஆமா! ஈஸ்டருக்குச் சிவப்பாக்க வேண்டிய முட்டையைப் பச்சைச் சாயத்துல முக்கி வெச்சவன்தானே!"

"நான்கூட, இவன் தம்பி அந்தப் பாறைச் சரிவுல செத்த ஆத்திரமோன்னு நெனச்சேன்."

"இவனுக்கா? அதுக்கு முதுகெலும்பு வேணும்ப்பா!"

பனாயிஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "குருட்டுப் பயலே, போய்ப் பின்னாடி நில்லு. திங்கட்கிழமை வேலைக்கு வா."

ஸ்டாமாட்டிஸ் பின்னால் போய் நின்றான். பெட்டி குழிக்குள் இறங்கும்வரை, பாதிரியார் உட்பட ஒருவராலும் அந்தச் சிவப்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அடக்கம் முடிந்து, வழக்கப்படி காப்பியும் பிராந்தியும் வந்த பிறகுதான் எடுத்தார்கள். கைக்குட்டைகளும் அப்போதே பைக்குள் போய்விட்டன.

வீட்டுக்கு வந்ததும் அஸிமினா சட்டையைக் கழற்றி வாங்கினாள்.

"எவ்வளவு அவமானம்! வேலை தப்பிச்சதே பெரிசு." முணுமுணுத்தபடி காலரைத் திருப்பியவளின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஸ்டாமாட்டி, உனக்கு அடையாளம் தெரியணும்னுதானே சிவப்புக்கு மட்டும் காலருக்குள்ள நூல் முடிச்சு வெச்சேன்? இதோ இருக்கே. நான் இல்லாதப்பல்லாம் தடவிப் பாத்துட்டுத்தானே போடுவ, இன்னிக்கு மட்டும் பாக்கலியா?"

"பாத்தேன்," என்றான் அவன். "முடிச்சு இருக்கான்னு தடவிப் பாத்துட்டுத்தான் போட்டேன்."