சைலன்சரின் விழுப்புண்

பைக் சைலன்சர் ஒன்றுக்குத் தன் குரோம் பளபளப்பில் பெருமை தாங்காது. ஒருநாள் ரப்பர் செருப்பு அதன்மேல் பட்டு உருகி, கறுப்பாய் ஒட்டிக்கொண்டது.

மரச்சிராய் ஒன்று வந்தது. “கொஞ்சம் சூடாகுங்கண்ணே. ரப்பர் இளகினதும் வழிச்செடுத்துடறேன்.”

“அடுப்புல எரியவேண்டிய பய என்னைத் தொடுறதா? போடா.”

தன்னைப்போலவே மின்னுகிறதென்று கத்தியைக் கூப்பிட்டது சைலன்சர். கத்தி ஒரே இழுப்பில் ரப்பரை எடுத்தது, கூடவே குரோமையும். நீளமாய் ஒரு கீறல் விழுந்தது.

“அதென்ன தழும்பு?” என்று கேட்டது பக்கத்து வண்டியின் ஹெட்லைட்.

“விழுப்புண். கத்தியோட சண்டை” என்று நிமிர்ந்து சொன்னது சைலன்சர்.

“விழுப்புண் மார்புலதானே படணும்? நீ இருக்கிறதே வண்டிக்குப் பின்னால.”

சைலன்சர் அன்றைக்குத்தான் பேருக்கேற்றபடி இருந்தது.