ஆயிரம் மடங்கு கசிவு

ஒரே ஒரு உப்புக்கடலையை வைத்து உலக விஞ்ஞானத்தையே திசைதிருப்பியவன் நான்.

பேராசிரியைக்கு விருது கிடைத்த தேநீர் விருந்தில் இதைச் சொன்னதும், மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆய்வக உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றாயிற்று. இனி யார் என்னை வேலையை விட்டுத் தூக்க முடியும்?

“அளக்காதீங்கண்ணே, நம்புற மாதிரியா இருக்கு?” என்றார் பேராசிரியை.

நான் விடுவேனா? “இருபது வருஷத்துக்கு முன்னாடி மேடம் திரவப் படிகத்துல நானோ தூள் கலந்தாங்க. தூள் போட்டா மின்கசிவு குறையும்னு ஊரே சொல்லிச்சு. இங்க மட்டும் ஆயிரம் மடங்கு ஏறிச்சு! அதைக் கட்டுரையா எழுதினதுக்குத்தான் இந்த விருதே!”

“பத்து மடங்கு.”

“சரி, பத்து. ஏத்துனது தூளா? கடலை தின்ன கையோட, படிகம் ஊத்துற கண்ணாடித் தகட்டை எடுத்துக் குடுத்தேனே, அந்த உப்பு!”

சிரிப்புக்கு நடுவே ஒரு மாணவி மட்டும் எழுந்து நின்றாள்.

“அதே சோதனையைச் செய்யுற எனக்கு நாலு வருஷமா கசிவு குறையுதுன்னுதான்யா வருது. கை சுத்தமில்லன்னு மேடம் திட்டாத நாளில்ல. இந்த மாசத்தோட என்னை அனுப்பப்போறாங்க.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. “சும்மா கதை விட்டேம்மா” என்று மழுப்பினேன்.

பேராசிரியை கோப்பையைக் கீழே வைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“கதை இல்ல. அண்ணன் சொன்னது நடந்ததுதான். கட்டுரை வெளியான மறுவாரமே, நானே கழுவின தகட்டுல செஞ்சு பார்த்தேன். உனக்கு வந்த அளவுதாம்மா எனக்கும் வந்துச்சு.”