மாதிரிக்கு ஒரு பிடிஎஃப்

இதனால் சகலருக்கும் தெரியப்படுத்துவது யாதெனில், காகிதத்தை அறவே ஒழித்துவிட்ட கிளை அலுவலகமானது, பிடிஎஃப் கோப்புகளில் திருத்தவும் குறிப்பெழுதவும் கையெழுத்திடவும் தகுந்த இணையக் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொருட்டு நால்வர் குழுவை அமைக்க, அக்குழு இன்று ஒன்பதாவது முறையாகக் கூடியிருக்கிறது.

தலைவர், மேலாளர். உறுப்பினர்கள், துணை மேலாளரும் கணக்காளரும். நான்காவது ஆள் கோப்புப் பிரிவுக்காரி. மௌஸைப் பிடிக்க ஒருவர் வேண்டுமே.

காகிதம் ஒழிந்து ஐந்து மாதமாகிறது. அன்றோடு மேலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கணினியில் போடலாமென்றால் கருவி முடிவாகவில்லை. ஆக, ஐந்து மாதமாக அந்த அலுவலகத்தில் ஒரு கையெழுத்தும் விழவில்லை.

அவளுடைய இடமாறுதல் விண்ணப்பமும் அந்த வரிசையில்தான் நின்றது.

கணவனும் மூன்று வயது மகளும் ஏழு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தார்கள். "அம்மா எங்கே?" என்று கேட்டால் குழந்தை கைபேசியைக் காட்டுகிறதாம். அந்த ஊர்க் கிளையில் ஓர் இடம் காலி. மாதம் முடிவதற்குள் மேலாளர் ஒப்புதலோடு தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும்.

மாதம் முடிய இன்னும் இரண்டு நாள்.

"கருவி முடிவாகட்டும்மா. மொதக் கையெழுத்தே உங்களுக்குத்தான்" என்று மேலாளர் நான்கு முறை வாக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு முறையும் முதல்முறை கொடுப்பது போலவே கொடுத்தார். அது ஒரு திறமை.

இதுவரை ஏழு கருவிகள் தள்ளுபடியாகியிருந்தன. ஒன்றில் அழிப்பான் தேவைக்கு மேல் அழித்தது. இன்னொன்றின் சின்னம் பார்க்கக் கோழி மாதிரி இருந்தது.

இன்று எட்டாவது. சோதித்துப் பார்க்க ஒரு கோப்பு வேண்டும் என்றாள் அவள்.

"ஏதோ ஒண்ணத் திறங்கம்மா. எதுவா இருந்தா என்ன?" என்றார் மேலாளர்.

அவள் ஒன்றைத் திறந்தாள். இரண்டாம் பக்கத்துக்கு நேராகப் போனாள். புரொஜெக்டர் வழியே வெள்ளைச் சுவரில் பக்கம் பெரிதாக விழுந்தது.

முதலில் வண்ணம் பூசும் வசதி. மேலாளர் கைகாட்டிய வரியில் மஞ்சள் பூசினாள். பச்சை தேவலையா என்று அரை மணி நேரம் பேசினார்கள். "மஞ்சள்ல ஒரு கம்பீரம் இருக்கு சார்" என்றார் துணை மேலாளர். மேலாளர் அதற்கு முன்பே மஞ்சள் என்று சொல்லியிருந்தார்.

யாரும் எழுத்தைப் பார்க்கவில்லை. நிறத்தைத்தான் பார்த்தார்கள்.

அடுத்தது குறிப்பெழுதும் வசதி. கணக்காளர் ஓரத்தில் ஒரு பெட்டியைத் திறந்து, வீட்டில் வாங்கிவரச் சொன்னதை மறந்துவிடாமலிருக்க 'பல்பு இரண்டு, துடைப்பம் ஒன்று' என்று தட்டினார். பெட்டி ஏற்றுக்கொண்டது. வசதி தேறியது.

பிறகு முத்திரைகள். 'நிராகரிக்கப்பட்டது' சிவப்பு. 'பரிசீலனையில்' சாம்பல். 'ஒப்புதல் அளிக்கப்பட்டது' பச்சை.

அவள் மூன்றின் மேலும் மௌஸை மெதுவாக நகர்த்திக் காட்டினாள்.

"பச்சையத்தான் வைங்களேன், கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்றார் மேலாளர். மஞ்சளிடம் தோற்ற பச்சைக்கு ஓர் ஆறுதல் பரிசு.

கடைசியாகக் கையெழுத்து. மௌஸை அவரே வாங்கிக்கொண்டார். முதல் முயற்சி மண்புழுவாய் நெளிந்தது. இரண்டாவது, பக்கத்தை விட்டே வெளியே போய்விட்டது. நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு போட்ட ஆறாவது, அப்படியே அவர் கையெழுத்தாக வந்து உட்கார்ந்தது. கீழே தேதி தானாக விழுந்தது.

துணை மேலாளர் கைதட்டினார்.

"அனுப்புற வசதி இருக்கா?" என்று கேட்டார் மேலாளர்.

"இருக்கு சார். யாருக்கு அனுப்பிப் பாக்கலாம்?"

மேலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தலைமை அலுவலகத்துக்கே அனுப்புங்க. நாம எவ்வளவு தூரம் போயிட்டோம்னு அவங்களும் பாக்கட்டும்."

"நிச்சயமா சார்?"

"அட, அனுப்புங்கம்மா. என்ன பயம்?"

அவள் மௌஸை வாங்கினாள். பல்பையும் துடைப்பத்தையும் அழித்தாள். மண்புழுவை எடுத்தாள், மற்ற கிறுக்கல்களை எடுத்தாள். மஞ்சள் மேல் கை வைத்தவள், படித்துவிட்டு, அதை மட்டும் விட்டுவைத்தாள். 'என் மகளுக்கு மூன்று வயது' என்ற வரியில் அது இருந்தது. மேலாளரே அடிக்கோடிட்டுச் சிபாரிசு செய்தது போலத் தோன்றியது.

முகவரியில் மாறுதல் பிரிவைத் தேர்ந்தெடுத்து, அழுத்தினாள்.

நீலக் கோடு மெதுவாக நகர்ந்தது. பாதியில் நின்றது. துணை மேலாளர் தும்மினார். மறுபடி நகர்ந்தது.

'அனுப்பப்பட்டது.'

முதல் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பாள். அவள் பெயர், பணி எண், 'பொருள்: இடமாறுதல் வேண்டுதல்' எல்லாம் அதில்தான் இருந்தன.

மேலாளர் சுவரிலிருந்த தன் கையெழுத்தைத் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் சரி. ஆனா பேனாவோட அழுத்தம் இதுல வரலியே."

"அதத்தான் சார் நானும் யோசிச்சேன்" என்றார் துணை மேலாளர்.

எட்டாவது கருவியும் தள்ளுபடியானது.

குழு அதற்குப் பிறகும் பதினொரு முறை கூடியது. கருவி முடிவாகவில்லை. குழுவில் ஓர் இடம் காலி.