தறிகள் நின்ற இரண்டு நிமிடம்

சுகிர்தாவின் கிடார் பட்டறைக்கும் அய்யாத்துரையின் விசைத்தறிக் கூடத்துக்கும் நடுவே ஒரே சுவர். அவள் கையிலிருக்கும் முகப்புப் பலகை, வெயிலில் பிடித்தால் விரல்களின் நிழல் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கிறது. சீவியது போதுமா என்பது தட்டி, ஒலியைக் கேட்டால்தான் தெரியும். ஒரு சுருள் கூடுதலாகச் சீவினால் பலகை வீண். வேறு பலகை இல்லை. தறி இரைச்சலில் அந்த ஒலி கேட்காது; வழக்கமாக மின்வெட்டுக்குக் காத்திருப்பாள். இன்று மின்சாரம் போகவே இல்லை. சன்னல் வழியாகக் கத்துகிறாள். “அண்ணாச்சி, ரெண்டு நிமிசம் நிறுத்துதீயளா?”

“கரண்ட் ஆபீஸ்காரனே சும்மா இருக்கான், நீ கட் பண்ணுதியாட்டி?” என்றபடி அய்யாத்துரை தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறார். பஞ்சுத்தூசி மெல்ல இறங்குகிறது. சுகிர்தா பலகையை விரல்நுனியில் தொங்கவிட்டுத் தட்டுகிறாள். மறுபடியும் தட்டுகிறாள். இன்னும் ஒரு சுருள் எடுக்கலாம் என்று இழைப்புளியைத் தூக்குகிறாள்.

“ஏட்டி, இரு.” சன்னலில் இசக்கியம்மாள் நிற்கிறாள். பன்னிரண்டு தறி இரைச்சலுக்குள்ளும் ஓர் இழை அறுந்தால் கேட்டுவிடுகிற தறிக்காரி. “இன்னொரு தடவ தட்டு.”

தட்டுகிறாள். இசக்கியம்மாள் கண்ணை மூடிக்கொள்கிறாள். ஒலி முழுவதும் அடங்கிய பிறகும் திறக்கவில்லை.

“விட்ருட்டி. இனி தொடாத.”

சுகிர்தா இழைப்புளியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் முதல் தறி ஓடத் தொடங்குகிறது.