மோந்தரால் சிவப்பு

எட்டாவது ஆளும் விலைச்சீட்டைப் பார்த்தார். பத்தொன்பது டாலர். ரஷ்மி நீட்டிய கிளாசை வாங்காமலேயே பக்கத்து மேசைக்கு நகர்ந்தார். அங்கே அறுபது டாலர் பிரெஞ்சு வைன் இருந்தது.

ரஷ்மி கோயம்புத்தூரிலிருந்து மார்க்கெட்டிங் படிக்க ஆக்லாந்துக்கு வந்தவள். படிக்கும்போது பகுதிநேரமாக நுழைந்த எல்லர்ஸ்லி பகுதி வைன் கடையிலேயே தங்கிவிட்டாள்.

முப்பது மாதிரிகளுக்கு நடுவே இந்த ஸ்பானியச் சிவப்பு வைனைக் கண்டுபிடித்தது அவள்தான். அவள் நாக்கை நம்பிக் கடைக்காரர் கிரேம் இருபது பெட்டி வரவழைத்தார். அவள் சொல்லி வாங்கிய முதல் சரக்கு.

பதினெட்டுப் பெட்டி அப்படியே கிடந்தது. இந்தச் சனிக்கிழமைச் சுவைபார்ப்பிலும் நகராவிட்டால் திங்கட்கிழமை தள்ளுபடிக்குப் போகும். கிரேம் திட்டவில்லை. பரவாயில்லை என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

விலை குறைவென்றால் சரக்கும் மட்டம் என்று எல்லோரும் வீட்டிலேயே முடிவுகட்டிக்கொண்டு வருகிறார்கள். இது விளைகிற ஊருக்கு இன்னும் பெயர் ஏறவில்லை, அவ்வளவுதான் என்று அவளும் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

ஒன்பதாவது ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நரைத்த மீசை. மனைவி பக்கத்து மருந்துக்கடையில் இருக்கிறாள், சும்மா எட்டிப்பார்த்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

விலைச்சீட்டை அவர் பார்க்கவேயில்லை. பாட்டிலைக் கையில் எடுத்து, லேபிளில் இருந்த மலையின் பெயரை வாய்க்குள் படித்தார். மோந்தரால். ஸ்பெயின்காரர்கள் சொல்வதுபோல், ரகரத்தை உருட்டி.

ரஷ்மி ஊற்றினாள்.

உடனே குடிக்கவில்லை. மூக்கருகே பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு ஒரு மிடறு. அதை வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினார்.

"நாவல்பழம்," என்றார், தனக்குத்தானே.

ரஷ்மிக்குச் சிலிர்த்துவிட்டது. முதல்நாள் அவள் நாக்குக்குப் பட்டதும் அதுதான். நாவல்பழத்தின் இனிப்பு, பின்னாலேயே வந்து நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, விழுங்கிய பிறகு எங்கிருந்தோ மிளகு. அறிவிப்புப் பலகையில் எழுதும்போது வேறு வழியில்லாமல் 'பிளம்' என்று போட்டிருந்தாள்.

"நீங்க தமிழா, அங்கிள்?"

"ஓம். சோதிலிங்கம்."

அவர் பலகையைப் படித்தார். பள்ளத்தாக்கின் இளங்காற்றில் விளைந்தது என்ற வரியில் அவர் கண் நின்றது. பள்ளத்தாக்கு இல்லை, மேட்டு நிலம் என்றார் மெதுவாக. இளங்காற்றும் இல்லையாம். ஆளையே தள்ளுகிற வடக்குக் காற்று. அது அடிப்பதால்தான் மழைக்குப் பிறகும் பழம் அழுகாது.

அவளுக்குச் சுருக்கென்றது. இணையத்தில் தேடித் தேடி எழுதிய வரி அது.

அதற்குள் பிரெஞ்சு மேசையிலிருந்து ஒரு தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். இந்த விலைக்கு இது எப்படி இருக்கும் என்று அந்தப் பெண்மணி அவளை விட்டுவிட்டு அவரிடமே கேட்டாள்.

சோதிலிங்கம் அனுமதி கேட்பதுபோல் ரஷ்மியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

தட்டுத்தடுமாறிய ஆங்கிலம்தான், ஆனால் நிற்கவில்லை. அங்கே திராட்சைக் கொடிக்குப் பந்தல் கிடையாது, கம்பி கிடையாது. எண்பது வயதுக் கொடி முழங்கால் உயரத்தில் செடிபோல நிற்கும். ஒன்றில் ஐந்தாறு கொத்துதான். தரை முழுக்கக் கறுப்புக் கல். விடிகாலையில் விரல் விறைத்துப்போகும். பத்து மணிக்கு அதே கல் கையைச் சுடும். அந்தக் குளிரையும் வெயிலையும் தாங்கித் தாங்கிப் பழம் சிறுத்து, தோல் தடித்துவிடும். சாறு கொஞ்சம், தோல் அதிகம். இப்போது நாக்கைப் பிடிக்கிறதே, அது அந்தத் தோல்தான் என்றார்.

பெண்மணி ஒரு மிடறு குடித்தாள். கணவனிடம் கிளாசைக் கொடுத்தாள். இருவரும் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டார்கள்.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதியவர் இரண்டு பெட்டி கேட்டார். பிரெஞ்சு மேசையில் யாருமே இல்லை.

அரை மணி நேரத்தில் ஒன்பது பெட்டி போயிற்று. கிரேம் உள்ளறையிலிருந்து வந்து மீதியையும் முன்னால் அடுக்கச் சொன்னார். அடுத்த முறையும் நீயே தேர்ந்தெடு என்றார். போகிறபோக்கில், இந்தக் கனவான் எந்த இறக்குமதிக் கம்பெனி என்று அவள் காதில் கேட்டார்.

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மருந்துப் பையோடு வந்த சோதிலிங்கத்தின் மனைவி கௌரி, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் ரஷ்மி கேட்டேவிட்டாள்: "அங்கிள், நீங்க வைன் பிசினஸ்ல பெரிய ஆளா? இத எத்தன தடவ குடிச்சிருக்கீங்க?"

"பெரிய ஆள் இல்லை, பிள்ளை. விசாப் பேப்பர் இல்லாமல் ஸ்பெயினில நிண்ட காலம், ரெண்டு வருசம் அந்த மலையில கொத்து வெட்டினனான். எங்களுக்குத் தின்னப் பாணும் குடிக்கத் தண்ணியும்தான். இதை இண்டைக்குத்தான் குடிக்கிறன்."

சோதிலிங்கம் கிளாசை நீட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் விடுங்கோ."