மேனேஜரைக் கொல்ல வந்தவர்கள்

மேனேஜர் தபுச்சியை அடித்துக் கொல்ல ஃபாக்டரியே திரண்டு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளில் ஒரு பெட்டியை நகர்த்தக் கூப்பிட்டாலும் ஆளுக்கொரு வயிற்றுவலி வரும். இன்று யாருக்கும் வயிறு வலிக்கவில்லை.

ஜப்பானின் ஓடவாரா நகர எல்லையில் மூடிக்கிடந்த ஷாப்பிங் மாலில் சினிமா ஷூட்டிங். உள்ளே அடைபட்டவர்கள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும், மிஞ்சுகிறவர் மட்டும் வெளியே போகலாம் என்பது கதை. அதில் ஒரு கூட்டம் தன் மேலதிகாரியை அடித்தே கொல்கிறது. கூட்டமாக நடிக்க மீன் கேக் ஃபாக்டரி ஆட்கள். மேலதிகாரியாக அவர்களுடைய மேனேஜரேதான்.

"சினிமான்னாலும் அடி அடிதான்," என்று ஸ்பாஞ்ச் மட்டையைத் தடவிக்கொடுத்தாள் ஷிகெகோ. பாக்கிங் பிரிவில் மூத்தவள்.

"மாசக் கடைசியோட ரிடையர் ஆயிடறார் அக்கா. இதை விட்டா இந்த ஜென்மத்துல சான்ஸ் கிடையாது," என்றான் நகசே.

மகளின் பள்ளி விளையாட்டு விழாவுக்கு லீவு கேட்டுக் கிடைக்காதவன் அவன். முதல் அடி யாருக்கு என்று கல், காகிதம், கத்தரி போட்டுப் பார்த்ததில் அவன்தான் ஜெயித்திருந்தான்.

டைரக்டர் ஹஷிசுமே ஒல்லியான பெண். ஒரு பக்கெட் ரத்தத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு ரத்தத்தைக் காசு குடுத்து யாரும்மா பாக்கறாங்க?" என்று கேட்டான் நகசே.

"மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவங்க எல்லாரும்," என்றாள் அவள். "கூரைக் கண்ணாடி வழியா வர்ற வெளிச்சம் போறதுக்குள்ள முடிக்கணும். உங்களால முடியலேன்னா டோக்கியோவிலேர்ந்து வேற ஆள் வரச்சொல்லிடுவேன்."

முதல் டேக். கூட்டம் ஊளையிட்டபடி ஓடிவந்தது. நகசே மட்டையை ஓங்கினான்.

"மன்னிச்சுக்குங்க சார்," என்று குனிந்தான்.

"கட்! கொல்றவன் மன்னிப்புக் கேப்பானா?"

"வாய் தானா வருதும்மா."

இரண்டாவது டேக்கில் வாயை இறுக மூடிக்கொண்டு ஒரு அடி போட்டான். அடித்த கையோடு பின்னால் இருந்த மொத்தக் கூட்டமும், ஃபாக்டரியின் காலை அசெம்பிளியில் போல, ஒரே சீராகத் தலைவணங்கியது.

"கட்!"

அடுத்ததில் ஷிகெகோவின் வீச்சில் மேனேஜரின் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. அவள் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியை எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, அவர் மூக்கிலேயே மாட்டிவிட்டாள்.

டைரக்டர் கட் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. உதவியாளர் டோக்கியோவுக்குப் போன் செய்யக் கைபேசியை எடுத்தார். கூட்டத்தின் முகம் தொங்கிப்போயிற்று.

அப்போது, செத்துக் கிடந்த மேனேஜர் எழுந்து உட்கார்ந்து கத்தினார்.

"நகசே! அடிக்கறதுலகூட உனக்கு ஒரு சுறுசுறுப்பு கிடையாதா? உன் மக விளையாட்டு விழாவுக்கு லீவு தரலேல்ல? அதை நெனச்சுக்கிட்டு அடி!"

"போன வருஷமும் தரலே சார்."

"அப்ப ரெண்டு அடி! ஷிகெகோ, லேபிள் கோணலா இருக்குன்னு ஒரு லோடு மீன் கேக்கையும் பிரிச்சுத் திரும்பக் கட்டச் சொன்னேனே, மறந்துட்டியா?"

"கோணலே இல்லை சார் அது!"

"இல்லைதான்! எனக்கு அன்னிக்குப் பல்வலி! வா, அடி!"

"அடப்பாவி மனுஷா!" என்றாள் ஷிகெகோ. அந்த ஃபாக்டரியில் அவரிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லப்பட்டது அதுவே முதல்முறை.

டைரக்டர் துள்ளி எழுந்து, "ஆக்‌ஷன்!" என்று அலறினாள்.

அடிமழை. ஸ்பாஞ்ச் பிய்ந்து பனிபோலப் பறந்தது. வேகவைக்கும் பிரிவு அடித்தது, கணக்குப் பிரிவு அடித்தது, வாயே திறக்காத லாரி டிரைவர் பாட்டுப் பாடிக்கொண்டே அடித்தார். பின்வரிசையில் நின்றவர்கள், "எங்களுக்கும் கொஞ்சம் வையுங்கப்பா!" என்று முண்டியடித்தார்கள். மேனேஜர் வாயில் ரத்தம் கொப்பளிக்க, கையைக் காலை உதறி, பிரமாதமாகச் செத்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"ஓகே!"

உடனே மொத்தக் கூட்டமும் குனிந்து, "மன்னிச்சுக்குங்க சார், மன்னிச்சுக்குங்க சார்," என்று நிமிராமல் நின்றது.

நகசேவுக்கு மூச்சிரைத்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை. "வந்ததுக்குப் பலன் கிடைச்சுது அக்கா. அந்த ஆளுக்கு நல்லா வேணும்," என்று காதோடு சொன்னான்.

"இருந்தாலும் அந்த ரெண்டாவது அடி கொஞ்சம் ஓவர்டா," என்றாள் அவள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

யாருக்குக் கடைசி ஷாட் முடிந்தாலும் பூங்கொத்து கொடுத்துக் கைதட்டுவது ஷூட்டிங் வழக்கம். செத்தவர்களுக்கும் அப்படியே. முகமெல்லாம் ரத்தமாக நின்ற மேனேஜரின் கையில் டைரக்டர் பூங்கொத்தைக் கொடுத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அடித்த தெம்பில் சற்றுப் பலமாகவே தட்டினார்கள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க சார்."

மேனேஜர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர்கூடக் குறையவில்லை.

"எனக்குப் பிரிவுபசார விருந்து வைக்கறதா இருந்தாங்க. ரெண்டு பேர்தான் வர்றேன்னாங்களாம், நின்னுபோச்சு," என்றார். "போறதுக்கு முன்னாடி உங்க எல்லாரையும் ஒரு தடவை ஒண்ணாப் பார்த்துடணும்னு இருந்துது. அதான் இந்தம்மா ஆள் தேடறாங்கன்னு கேள்விப்பட்டதும் நானே போய்ச் சொன்னேன்: என்னை அடிக்கற மாதிரி ஒரு சீன் வைங்க, மொத்த ஃபாக்டரியும் வரும்னு."